110 டிகிரியிலும் கொதிக்காத நீர்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மரக்காணத்தின் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தி பாத்தியாகக் கட்டி நிறுத்திய உப்பு நீர் வெயிலில் வற்ற வற்ற, வரப்போரம் உப்பு வெள்ளைக் குவியலாக ஏறும். நீர் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்லி வருவதும் இதைத்தான். ஒரு மே மாதப் பிற்பகலில் அந்த உப்பளங்களுக்குப் பக்கத்தில்தான் என் கார் நின்று போயிற்று.

வெப்பநிலை காட்டும் முள் வழக்கமாக நடுவில் நிற்கும். அன்று அது மெல்ல மேலே போவதை நான் கவனிக்கவில்லை. முதலில் இனிப்பாக ஒரு வாடை வந்தது. பிறகு முன்மூடியின் இடுக்கு வழியாக வெள்ளையாக ஆவி கிளம்பிற்று. ஒரு தேநீர்க் கடையை ஒட்டி வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் தூக்கி வைத்தேன். சற்று நேரத்தில் சீறல் அடங்கிவிட்டது. கடையில் வேலை பார்க்கும் பையன், பதினாறு வயதிருக்கும், ஈரச் சாக்கும் ஒரு குவளைத் தண்ணீருமாக ஓடி வந்தான். “நான் தொறந்து ஊத்துறேன் சார்” என்று சாக்கை ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டுக் கையை வைத்தான். இயற்பியல் கற்பிக்கும் நானும் சரி என்று தலையாட்ட இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

“டேய், கை வெக்காதடா!”

பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் போட்ட சத்தத்தில் பையன் கையை இழுத்துக்கொண்டான். அவர் எழுந்து வந்து சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, வழவழவென்று நிறம் மாறிக் கிடந்தது. “இருவது வருஷம் ஆச்சு தம்பி. மூடியைத்தான் தொறந்தேன். வேற ஒண்ணும் பண்ணல” என்றார்.

பையன் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். “கொதிக்கிற சத்தமே இல்லியே சார். கொதிக்காத தண்ணி எப்படி மேல அடிக்கும்?”

மிக நல்ல கேள்வி. வண்டி ஆறும் வரை மர நிழலில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதையும், மறுநாள் மெக்கானிக்கிடம் நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினுக்குள் எவ்வளவு வெப்பம்?

கார் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்கு வருகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியே போகிறது. மீதியுள்ள பங்கு எஞ்சினின் உலோகத்தைச் சூடாக்குகிறது. உருளைக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசையும் தாண்டும். எஞ்சினின் தலைப்பகுதி செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே அது வளைந்து கெட்டுப்போகும். ஆகவே உலோகத்துக்குள் வாய்க்கால்கள் அமைத்து நீரை ஓட விடுகிறார்கள். நீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது.

நல்ல நிலையில் ஓடும் எஞ்சினில் இந்த நீர் 85 முதல் 100 டிகிரி வரை இருக்கும். கோடையில், நெரிசலில், குளிர்சாதனத்தையும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் அதற்கும் மேலே போகலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இது நீரின் சராசரி வெப்பநிலைதான். வாயு வெளியேறும் வாயிலை ஒட்டியுள்ள உலோகச் சுவர் இதைவிட மிகச் சூடாக இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டு ஓடும் நீர்ப்படலம்தான் முதலில் கொதிக்கும். கொதித்தால் என்ன என்று கேட்கலாம். நீராவிக் குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் நீர் படாது. நீராவி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். ஆகவே அந்த இடத்து உலோகம் மேலும் சூடாகிறது, மேலும் குமிழிகள் உண்டாகின்றன.

இதைத் தடுக்க ஒரு வழி, நீரின் கொதிநிலையையே உயர்த்துவது. எத்திலீன் கிளைக்கால் என்ற நீர்மத்தைச் சரிபாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரி ஆகிறது. நான் நுகர்ந்த இனிப்பு வாடை அதனுடையது. (அது நஞ்சு. சுவையும் இனிப்பு என்பதால் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.) இன்னொரு வழி உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் இருவர்

நீரைக் கொதிக்க வைப்பது வெப்பம் மட்டும் அல்ல. நீரின் ஆவியழுத்தம் வெளியிலிருந்து அழுத்தும் அழுத்தத்துக்குச் சமமாகும்போதுதான் நீருக்குள் குமிழி பிறக்க முடியும். கடல் மட்டத்தில் வளிமண்டலம் ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டரின் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையால் அழுத்துகிறது. அதற்கு ஈடுகொடுக்க நீர் 100 டிகிரி ஆக வேண்டியிருக்கிறது. வெளியழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும், கூடினால் அதுவும் கூடும்.

வளிமண்டலத்துக்கு இப்படி ஓர் எடை உண்டு, மேலே போகப்போக அது குறையும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பிளேய்ஸ் பாஸ்கல். அவர் மலையேறவில்லை. தம் அக்காள் கணவர் புளோரேன் பெரியே என்பவரைத் தூண்டி ஏற வைத்தார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பாதரசக் குழாயுடன் பிரான்சின் பூய் தெ தோம் மலைமீது ஏறினார். அடிவாரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் சற்று அதிகமாக இறங்கியிருந்தது. அந்த மலையின் உயரம் 1465 மீட்டர். நம் ஏர்க்காடு அதைவிடச் சற்றே உயரம். இன்று பல கார்களின் ரேடியேட்டர் மூடியில் 88 கிலோபாஸ்கல், 108 கிலோபாஸ்கல் என்று அச்சிட்டிருப்பது இந்தப் பாஸ்கலின் பெயரைத்தான்.

இரண்டாமவர் தெனி பப்பேன். 1647இல் புளுவா நகரில் பிறந்தவர். பாரிசில் ஹைகன்சுடனும் இலண்டனில் பாயிலுடனும் பணியாற்றியவர். 1679இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் கனத்த சுவருள்ள ஓர் இரும்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். மூடியை இறுக முடுக்கிச் சூடாக்கினால் உள்ளே நீராவியின் அழுத்தம் ஏறும். அந்தச் சூட்டில் மாட்டு எலும்புகூட மெத்தென்று வெந்துவிடும். 1682இல் இந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தைச் சொசைட்டி உறுப்பினர்கள் உண்டதை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் பப்பேனின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் எலும்புச் சாறு அன்று. அழுத்தம் மிஞ்சினால் பாத்திரம் வெடிக்குமே என்று மூடியில் ஒரு துளையிட்டு, அதை ஒரு நெம்புகோலாலும் எடையாலும் அழுத்தி வைத்தார். அழுத்தம் மீறினால் எடை தூக்கப்பட்டு ஆவி வெளியேறும். காப்பு வால்வு பிறந்தது இப்படித்தான். புராட்டஸ்டண்டு மதத்தவரான பப்பேன் 1685க்குப் பிறகு தாய்நாடு திரும்ப முடியாமல் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் வாழ்ந்து வறுமையில் மறைந்தார்.

பிரஷர் குக்கரின் தலையில் நாம் வைக்கும் ‘வெயிட்’ பப்பேனுடைய எடைதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆவி வரும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 0.07 சதுரச் சென்டிமீட்டர். சதுரச் சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்த 70 கிராம் எடை போதும். உள்ளே இருப்பது வளிமண்டல அழுத்தம் ஒன்று, எடையின் அழுத்தம் ஒன்று, ஆக இரண்டு. அந்த அழுத்தத்தில் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பருப்பு சீக்கிரம் வேகிறது.

எடைக்குப் பதில் வில்சுருள்

ஓடும் காரில் எடை குலுங்கி விழுந்துவிடும். எனவே ரேடியேட்டர் மூடியில் எடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வில்சுருள் இருக்கிறது. மறுநாள் காலை புதுச்சேரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவர். நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மூடியைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

“பாருங்க சார், ரப்பர் வெடிச்சிருக்கு.”

மூடியின் அடிப்பக்கத்தில் ஓர் உலோகத் தட்டு, அதன் விளிம்பில் ரப்பர் வளையம். வில்சுருள் இந்தத் தட்டை ரேடியேட்டர் கழுத்தின் உள்விளிம்பில் அழுத்திப் பிடிக்கிறது. உள்ளழுத்தம் குறித்த அளவை மீறும்போது தட்டு மேலெழும்பி, கூடுதல் நீர் பக்கக் குழாய் வழியே சேமப் புட்டிக்குப் போகும். என் மூடியில் ‘0.9’ என்று குறித்திருந்தது. சதுரச் சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் என்று பொருள். தட்டின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 7 சதுரச் சென்டிமீட்டர். எனவே வில்சுருள் ஆறே கால் கிலோகிராமுக்குச் சற்றே கூடுதலான விசையுடன் அழுத்துகிறது. ஒரு சிறு அரிசிப் பையின் எடை!

தட்டின் நடுவில் இன்னொரு சிறிய வால்வு இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. அது எதிர்ப்பக்கம் திறப்பது. நீர் 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடானால் அதன் கன அளவு நூற்றுக்கு மூன்றரை கூடும். அமைப்பில் 6 லிட்டர் நீர் இருந்தால் 200 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது ஒரு டம்ளர், இடம் இல்லாமல் சேமப் புட்டிக்குப் போயாக வேண்டும். இரவில் எஞ்சின் ஆறும்போது நீர் சுருங்கும், உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறையும். அப்போது நடு வால்வு திறந்து, போன டம்ளர் நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வால்வு அடைத்துக்கொண்டால் காலையில் மேல் ரப்பர்க் குழாய் யாரோ பிடித்துப் பிசைந்ததுபோல் தட்டையாகக் கிடக்கும். பிசைந்தது வளிமண்டலம்தான்.

மெக்கானிக் சைக்கிள் பம்பு போன்ற ஒரு கருவியை எடுத்தார். அதில் ஓர் அழுத்தமானி. பழைய மூடியை அதில் பொருத்திக் காற்றடித்தார். முள் 0.3 வரை ஏறி, மேலே போக மறுத்து, உஸ்ஸென்று இறங்கியது. புதிய மூடியைப் பொருத்தினார். முள் 0.9 வரை போய் அங்கேயே நின்றது. 

இந்த இரண்டு எண்களையும் கொதிநிலைக்கு மாற்றிப் பார்த்தால் என் காருக்கு என்ன நேர்ந்தது என்று விளங்கிவிடும். 0.9 மூடியில் வெறும் நீர் 118 டிகிரியில் கொதிக்கும். 0.3 அழுத்தத்தில் 107 டிகிரியிலேயே கொதித்துவிடும். பதினோரு டிகிரிப் பாதுகாப்பு அந்த ரப்பர் வெடிப்பு வழியாகப் போய்விட்டது. (கிளைக்கால் கலந்திருந்தால் இரண்டு எண்களும் சில டிகிரி கூடும். இடைவெளி அதிகம் மாறாது.) மூடி கெட்டதால் எஞ்சின் நேரடியாகச் சூடாவதில்லை என்பதையும் பாருங்கள். கொதிநிலை இறங்குகிறது. சூடான மூலைகளில் நீர் கொதிக்கிறது. ஆவி நீரைத் தள்ளிக்கொண்டு சேமப் புட்டி வழியாகச் சாலையில் கொட்டுகிறது. ரப்பர் வெடித்திருப்பதால் ஆறும்போது புட்டி நீருக்குப் பதிலாகக் காற்று உள்ளே வருகிறது. பல நாட்களாக ஒவ்வொரு டம்ளராக நீர் குறைந்திருக்கும். கடைசியில் பம்பு நீரோடு காற்றையும் சேர்த்துச் சுழற்றத் தொடங்கும். அப்போதுதான் முள் ஏறுகிறது. சில நூறு ரூபாய் மூடியைப் பார்க்காமல் விட்டதற்கு எஞ்சின் தலையைக் கழற்றிப் பல்லாயிரம் ரூபாய் கட்டியவர்களை அந்த மெக்கானிக் விரல்விட்டு எண்ணினார். நான் தப்பியது, ஆவியைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தியதால்.

“கடல் காத்து ஒரு பக்கம், போர் தண்ணி ஒரு பக்கம் சார்” என்றார் அவர். எங்கள் ஊரில் கடற்கரையை ஒட்டிய நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. அவசரத்துக்கு அதை ஊற்றியே பழகிவிட்டால் சுண்ணாம்புப் படிவு வால்வின் இருக்கையில் ஒட்டிக்கொள்ளும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். காய்ச்சி வடித்த நீரும் அளவாகக் கலந்த குளிர்விப்பு நீர்மமும்தான் சரி.

கொதிக்காத நீர் ஏன் பாய்கிறது?

தேநீர்க் கடைப் பையனின் கேள்விக்கு வருவோம். நல்ல மூடி போட்ட ரேடியேட்டரில் 110 டிகிரியில் 5 கிலோகிராம் நீர் இருக்கிறது என்று கொள்வோம். அழுத்தம் இருப்பதால் அது கொதிக்கவில்லை, சத்தமில்லை, அமைதியாக நிற்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் வளிமண்டல அளவுக்கு விழுகிறது. அந்த அழுத்தத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் நீராக இருக்க முடியாது. கூடுதலாக இருக்கும் 10 டிகிரி வெப்பம் என்ன ஆகும்?

5 கிலோகிராம் நீரை 10 டிகிரி குளிர்வித்தால் கிடைப்பது 5 × 4.2 × 10 = 210 கிலோஜூல். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 2260 கிலோஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் 93 கிராம் நீர் உடனே நீராவியாகும். வெறும் 93 கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். 100 டிகிரியில் ஒரு கிராம் நீராவி 1.67 லிட்டர் இடத்தை அடைக்கும். 93 கிராம் நீராவி 155 லிட்டர்! சாலை போடுவோர் வைத்திருக்கும் 200 லிட்டர் தார்ப் பீப்பாயில் முக்கால் பங்கு. இத்தனை ஆவியும் கண நேரத்தில் நீரின் உட்புறம் முழுவதிலும் பிறந்து, இரண்டு விரல் அகலக் கழுத்து வழியாக வெளியேற வேண்டும். வழியில் இருக்கும் கொதிநீரையும் தூக்கி எறிந்துகொண்டுதான் அது போகும். சோடாப் புட்டியைக் குலுக்கித் திறப்பது போலத்தான், ஆனால் கொதிக்கக் கொதிக்க.

காயத்தின் கடுமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 100 டிகிரியில் ஒரு கிராம் நீர் தோலில் பட்டு உடல் வெப்பநிலைக்கு ஆறினால் 265 ஜூல் வெப்பம் தருகிறது. ஒரு கிராம் நீராவி தோலில் பட்டு நீராகும்போதே 2260 ஜூலைக் கொட்டுகிறது, எட்டரை மடங்கு. அதன் பிறகு அந்த நீர் தன் பங்கு 265ஐயும் தரும். லாரி ஓட்டுநரின் கை அப்படித்தான் வெந்திருக்கிறது.

ரேடியேட்டர் மூடிகளில் கால் சுற்றுத் திருப்பியதும் ஒரு தடை இருக்கும். அங்கே நிறுத்தினால் அழுத்தம் பக்கக் குழாய் வழியே வடியும். அதன் பிறகு அழுத்தித் திருப்பினால்தான் மூடி கையோடு வரும். அந்தத் தடை ஆறிய எஞ்சினில் மிஞ்சிய அழுத்தத்துக்காக. சுட்ட எஞ்சினில் அதை நம்பிக் கை வைக்கக் கூடாது. மேல் ரப்பர்க் குழாயை விரலால் அழுத்திப் பார்க்கலாம், அதுவும் தொடும் அளவு ஆறிய பிறகு. கல்போல் விறைப்பாக இருந்தால் இன்னும் நேரமாக வேண்டும். நாங்கள் அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம்.

பெரிய எண் போட்டால் என்ன?

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியானால் 0.9க்குப் பதில் இன்னும் பெரிய எண் உள்ள மூடியைப் போட்டால் இன்னும் நல்லதுதானே சார்?”

ரேடியேட்டரின் மேல் தொட்டி 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் என்று கொள்வோம். 250 சதுரச் சென்டிமீட்டர். 0.9 அழுத்தத்தில் அந்தப் பரப்பைத் தள்ளும் விசை 225 கிலோகிராம். மூன்று பெரிய ஆட்கள் உள்ளிருந்து நெம்புவதற்குச் சமம். இன்று இந்தத் தொட்டிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். 1.4 மூடியைப் போட்டால் விசை 350 கிலோகிராம் ஆகிவிடும். அந்த அழுத்தத்துக்கென்றே வடிவமைத்த வண்டிகள் இருக்கின்றன. அப்படி வடிவமைக்காததில் போட்டால் தொட்டியின் பொருத்தோ ரப்பர்க் குழாயோ முதலில் விட்டுக்கொடுக்கும். ஆகவே என்ன எண் இருந்ததோ அதே எண். கழுத்தின் ஆழமும் பொருந்த வேண்டும். தட்டு இருக்கையைத் தொடாத மூடியில் எந்த எண் இருந்தும் பயனில்லை.

மலையில் என்ன ஆகும் என்று அதே மாணவி அடுத்த கேள்வியைப் போட்டாள். சிறுவனாக இருந்தபோது அம்பாசடர் காரில் நாங்கள் ஏர்க்காடு போனதுண்டு. கொண்டை ஊசி வளைவு ஏதாவது ஒன்றில் ஓட்டுநர் கட்டாயம் வண்டியை நிறுத்துவார், கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார், பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு நீர் தேடிப் போவார். 1500 மீட்டர் உயரத்தில் மூடியில்லாத நீர் 95 டிகிரியில் கொதிக்கும். எஞ்சினுக்கு வேலை அதிகம், காற்றோட்டம் குறைவு, கொதிநிலையும் குறைவு. மூடியின் வில்சுருள் மலையை அறியாது. வெளியழுத்தம் எவ்வளவோ அதன் மேல் 0.9ஐக் கூட்டிக் கொடுக்கும். எனவே ஏர்க்காட்டில் கொதிநிலை 116 டிகிரி. லடாக்கில் 5359 மீட்டர் உயரத்திலுள்ள கர்துங் லா கணவாயில் வெளியழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான். திறந்த பாத்திரத்தில் நீர் 83 டிகிரிக்குள் கொதித்துவிடும். அதே மூடி போட்ட காரிலோ 110 டிகிரி. திறந்த நீருக்குக் கடலிலிருந்து கர்துங் லா வரை இழப்பு ஏறத்தாழ 17 டிகிரி, மூடிக்குள் இருக்கும் நீருக்கு 8 டிகிரிதான். சூடு ஏற ஏற நீரின் ஆவியழுத்தம் மேலும் மேலும் செங்குத்தாக ஏறுவதே காரணம். அந்த வரைகோட்டை ஒரு வரைபடத் தாளில் வரைந்து பாருங்கள். நான் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

இரண்டு மூடி உள்ள வண்டி

என் வண்டி வேலை முடிந்து நிற்கையில் பக்கத்தில் வேறொரு காரின் முன்மூடியைத் திறந்திருந்தார்கள். அதில் இரண்டு நீர்த் தொட்டிகள், இரண்டு மூடிகள். ஒன்று எஞ்சினுக்கு. இன்னொன்று எதற்கு?

எஞ்சினின் வலிமை அது இழுக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பியூக்கி 1905இல் ஒரு காப்புரிமை பெற்றார். வீணாகப் போகும் புகையைக்கொண்டு ஒரு சுழலியைச் சுற்றி, அதன் மறுமுனையில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் முறை அது. டர்போ என்று இன்று வண்டியின் பின்னால் எழுதியிருப்பது அதைத்தான். ஆனால் காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் அறிவீர்கள். 30 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், சுழலியின் இழப்புகளையும் சேர்த்து, 125 டிகிரி வரை போகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இரண்டு மடங்கு அமுக்கியும் அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஆகிறது. அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஏறத்தாழ 1.9 மடங்கு ஆகிவிடும். அந்தக் குளிர்விப்பானுக்குத்தான் இன்டர்கூலர் என்று பெயர்.

பெரும்பாலான லாரிகளிலும் கார்களிலும் வண்டியின் முகப்பில் வீசும் காற்றே இதைக் குளிர்விக்கிறது. அங்கே மூடிக்கு வேலையில்லை. சில கார்களில் நீர் குளிர்விக்கிறது. அதற்குத் தனிப் பம்பு, தனி ரேடியேட்டர், தனி மூடி. இந்த நீர் எஞ்சின் நீரைப்போல் கொதிநிலையை நெருங்குவதில்லை. பிறகு ஏன் அழுத்த மூடி? பம்பின் உறிஞ்சும் வாயில் அழுத்தம் குறையும். அங்கே நீர் தன் வெப்பநிலையிலேயே ஆவிக்குமிழியாகிப் பம்பின் இதழ்களை அரிக்கும். சிறிது அழுத்தம் இருந்தால் அது நடக்காது. இரண்டாவதாக, அமைப்பு மூடியிருந்தால் விரியும் நீர் போய்த் திரும்ப ஒரே வழிதான் இருக்கும், வெளிக்காற்று நுழையாது. இந்தச் சுற்றில் ஒரு காற்றுக்குமிழி மேட்டுப் பகுதியில் தங்கிவிட்டால் ஓட்டமே நின்றுபோகும். மூடியை மாற்றிய பிறகு காற்றை வடித்தெடுக்கும் வேலையும் உண்டு என்பது அதனால்தான்.

“ரெண்டும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். மாத்திப் போட்டுட்டு வந்து நிப்பாங்க” என்றார் மெக்கானிக். சில வண்டிகளில் இந்த இரண்டு மூடிகளின் எண்களும் வேறு வேறாக இருக்கும். குறைந்த எண்ணுள்ளது எஞ்சினுக்குப் போனால் மரக்காணத்தில் நான் நின்றதுபோல் நிற்க வேண்டியதுதான்.

பழைய மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது தேநீர்க் கடையில் இறங்கி அதைப் பையனிடம் கொடுத்தேன். அவன் நடு வால்வை நகத்தால் இழுத்து விட்டான். அது டக்கென்று திரும்பி ஒட்டிக்கொண்டது. பிறகு பெரிய தட்டை ஒரு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. மூடியைப் பெஞ்சில் வைத்து இரண்டு கட்டைவிரல்களாலும் எழும்பி நின்று அழுத்தினான். வில்சுருள் கொஞ்சம் இறங்கிற்று.

“இவ்வளோ கெட்டியா சார்?” என்றான். ஆறே கால் கிலோ என்றேன். உள்ளே போய்க் கடைக்காரரிடம் காட்ட எடுத்துக்கொண்டு ஓடினான்.